பாகை வகுத்தோர்
(கணிதக் கருவிகளும் அவற்றை ஆக்கியோரும்)

வானநூலின் வரலாற்றை எழுதுவோர் கொப்பேர்னிக்கசு, கெப்பிளர், நியூற்றன் என அறிஞர்தம் பெயர்களை நிரல்பட வைத்துக் கூறுதல் வழக்கம். தேசங்களை அளந்து படம் வரைந்த வரலாற்றை எழுதுவோரும் அளவைத் தலைவர்களின் பெயர்களையே பொறித்துச் செல்வர். இவ்வறிஞரும் தலைவரும் கண்ணருகே வைத்து நோக்கிய கருவிகளைச் செய்து கொடுத்தவர் யாவர் என்ற வினாவுக்கு நம் பாடநூல்கள் விடை கூறுவதில்லை. அளந்தவனை உலகம் அறியும்; அளவுகோலை ஆக்கியவனை அறியாது. அவ்வாறு மறக்கப்பட்டார் சிலரின் வரலாற்றை, வட்டத்தைப் பாகைகளாக வகுத்தல் என்னும் ஒரு தொழிலை மட்டும் பற்றிக்கொண்டு, சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சிக்கல் யாது?

வட்டமொன்று 360 பாகை கொண்டது. ஒரு பாகை 60 கலை. ஒரு கலை 60 விகலை. இதனை ஏழாம் வகுப்பு மாணவனும் ஒப்புவிப்பான். சொல்லிலே எளிதாகிய இப்பிரிவு உலோகத்திலே எத்துணை அரிதென்பதைச் சிறிது கணக்கிட்டு அறியலாம். மாணவர் பெட்டியிலுள்ள பாகைமானியின் ஆரை இரண்டு அங்குலம் என்று கொள்வோம். அதன் விளிம்பில் ஒரு பாகைக்குரிய இடைவெளி அங்குலத்தின் முப்பதிலொரு பங்களவே. எட்டு அடி ஆரையுள்ள பெருங்கருவியொன்றைச் செய்தாலும், அதன் விளிம்பில் ஒரு விகலைக்குரிய நீளம் அங்குலத்தின் இரண்டாயிரத்திலொரு பங்கினும் சற்றுக் குறைந்ததாகும். கண்ணாற் காணவியலாத இந்நுண்மையைப் பித்தளையிற் கீறிக் காட்டுவதே கருவியாளனின் கடமையாயிற்று.

இவ்வளவு நுண்மை எதற்கு என வினவலாம். தென்மார்க்கு நாட்டுத் தைக்கோ பிராகே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொலைநோக்கி தோன்றுமுன்னரே, வெறுங்கண்ணாலும் பெருங்கருவிகளாலும் ஏறத்தாழ ஒரு கலையளவு திருத்தமாகக் கோள்களின் நிலைகளை அளந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புக்களைக்கொண்டு செவ்வாயின் வழியைக் கணித்த கெப்பிளர், தாம் கொண்ட வட்டக் கொள்கைக்கும் தைக்கோவின் அளவுக்கும் எட்டுக் கலை வேறுபாடு இருத்தலைக் கண்டார். அளந்த கருவி ஐயத்துக்குரியதாயின் அவ்வெட்டுக் கலையைப் புறக்கணித்திருப்பார். கருவியில் வைத்த நம்பிக்கையாற் கொள்கையையே கைவிட்டார். 1609ஆம் ஆண்டிற் கோள்கள் நீள்வட்டத்திற் செல்வன என்னும் உண்மை வெளிப்பட்டது. எட்டுக் கலை ஒரு புதிய வானநூலைத் தந்ததென்றால் அது மிகையன்று.

கடலோடிகளுக்கோ இஃது உயிர்ப் பிரச்சினை. சந்திரனுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து நெட்டாங்கு காணும் முறையில், அளவில் ஒரு கலை பிழைபட்டால் நெட்டாங்கு அரைப் பாகை பிழைபடும். மத்தியகோட்டருகே அஃது ஏறத்தாழ முப்பது கடல்மைல். இருளிற் கரையை நெருங்கும் மரக்கலத்துக்கு முப்பது மைல் என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம். இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1714ஆம் ஆண்டிலே நெட்டாங்குச் சபையை நிறுவி, இருபதினாயிரம் பவுண் வரை பரிசு கொடுக்க முன்வந்ததன் காரணமும் இதுவே.

2. நூலும் கருவியும்

இலண்டன் நகரிற் கணிதக் கருவி செய்தல் ஒரு தனித்தொழிலாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றியது. அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் எலையாசு அலன் என்பார் அத்தொழிலில் முதன்மை பெற்று விளங்கினார். எட்மண் கன்ரர், வில்லியம் ஓட்றெட் முதலிய கணித வல்லுநர் தாம் எண்ணியவற்றை உலோகத்திற் காண்பதற்கு அவரையே நாடினர். மடக்கைகளை வட்டங்களிற் பொறித்துப் பெருக்கலையும் வகுத்தலையும் விரைவில் முடிக்கும் ஓட்றெட்டின் கருவியைப் பற்றிய நூல் 1632ஆம் ஆண்டில் வெளிவந்தது. கருவியை ஆக்கி விற்றவர் அலன்.

அக்காலத்திலே ஒரு பெருவழக்கு எழுந்தது. ஓட்றெட்டிடம் பயின்ற றிச்சட் டிலமெயின் என்பார் அத்தகைய கருவியொன்றைத் தமதெனக் கூறி முன்னரே நூல் வெளியிட்டிருந்தார். முதலிற் கண்டவர் யார் என்ற பூசலோடு, கணிதத்தைக் கற்பிக்கும் முறைபற்றிய பூசலும் கலந்தது. காரணம் அறியாது கருவியை மட்டும் கையாளக் கற்பித்தல் மாணவரைச் செப்படிவித்தை செய்வோராக்கும் என்பது ஓட்றெட்டின் கருத்து. கருவியே கல்விக்கு வாயிலாகும் என்பது டிலமெயினின் கட்சி. ஆசிரியராகிய நாம் இன்றும் தீர்க்காத வழக்கு இது. கருவியாளரின் பிற்கால வரலாறு இதற்கு ஒரு விடை கூறுகின்றது. அதனை இறுதியிற் காண்போம்.

3. நெசவாளனின் கவராயம்

18ஆம் நூற்றாண்டில் வட்டத்தை வகுக்கும் கலையை ஒரு நெறிப்படுத்தியவர் மணிக்கூட்டு வினைஞராகிய யோர்ச் கிறகாம். 1725ஆம் ஆண்டிலே கிறீனிச்சு வானநிலையத்தில் ஹலி பயன்படுத்துதற்கென எட்டடி ஆரையுள்ள சுவர்க் கால்வட்டமொன்று அவர் மேற்பார்வையில் ஆக்கப்பட்டது. அதிலே ஒரு புதுமை இருந்தது. கால்வட்டத்தை 90 பாகையாக வகுத்ததுடன் நில்லாது, அருகே மற்றொரு வில்லில் 96 பகுதிகளாகவும் அவர் வகுத்தார்.

ஏன் 96? கேத்திரகணிதம் கற்றோர் எளிதில் உணர்வர். வட்டத்தின் ஆரையைக் கவராயத்தில் எடுத்து விளிம்பில் வைத்தால் 60 பாகை கிடைக்கும். கால்வட்டத்தை 96 ஆக வகுப்பின் அவ்வில் 64 பகுதிகளாகும். அறுபத்துநான்கை அடுத்தடுத்து இருசமக் கூறிட்டால் ஆறு படியில் ஒன்றென்னும் எண்ணை அடையலாம். கவராயத்தால் ஒரு வில்லை இருசமக் கூறிடல் ஐயமற்ற செய்கை. 90 பாகை முறையிலோ மூன்றாகவும் ஐந்தாகவும் கூறிடல் வேண்டும், அதற்குக் கேத்திரகணிதம் எளிய வழி தருவதில்லை, கைத்தடுமாற்றத்துக்கு இடமுண்டு. ஆகவே 96 பகுதி வில்லே நம்பத்தக்கது. 90 பாகை வில் அதனோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுவது. ஒரே கருவியில் ஒன்றுக்கொன்று சான்றாக இரு வில்களை அமைத்த நேர்மை போற்றற்குரியது.

கிறகாமிடம் தொழில் செய்து அவரை விஞ்சியவர் யோன் பேட் (1709—1776). இவர் வட இங்கிலாந்திலே டேரம் பகுதியிற் பிறந்தவர். இளமையில் நெசவுத் தொழிலாளி. கடையொன்றிற் கண்ட மணிக்கூட்டு முகத்திற் பிரிவுக்கோடுகள் சமமின்றி இருத்தலைக் கண்டு, இதனினும் செவ்விதாகத் தாம் கீறலாமே எனத் தொடங்கியவர் என அவர் வரலாறு கூறும். 1740ஆம் ஆண்டளவில் இலண்டன் சேர்ந்த அவர், 1750ஆம் ஆண்டிலே கிறீனிச்சுக்கென எட்டடிக் கால்வட்டமொன்றைச் செய்துமுடித்தார்.

பேட் கையாண்ட முறை எண்ணி மகிழத்தக்கது. ஐந்து கலை கொண்ட சிறு பகுதிகளாகக் கால்வட்டத்தை வகுத்தல் அவர் நோக்கம். 90 பாகையில் அத்தகைய பகுதிகள் 1080 உள. இவ்வெண் இருசமக் கூறிடலுக்கு இசையாது. ஆனால் 1024 என்னும் எண் இரண்டைப் பத்து முறை பெருக்கி வருவது. 1024 பகுதிகள் 85 பாகை 20 கலைக்குச் சமம். எனவே, வேண்டிய நாண்களின் நீளங்களை முன்னரே கணித்து, நுண்ணிய அளவுகோலிலிருந்து சட்டக் கவராயங்களில் எடுத்து, 85 பாகை 20 கலை என்னும் புள்ளியை விளிம்பிற் குறித்தார். அதன்பின் இருசமக் கூறிடலே வேலை. எஞ்சிய 56 பகுதிகளையும் அவ்வாறே பெற்ற இடைவெளிகளைக்கொண்டு நிரப்பினார். தச்சன் கையிலுள்ள கவராயமும் கணிதன் மனத்திலுள்ள இரண்டின் அடுக்கும் ஈண்டு ஒருங்கு சேர்ந்தன.

மற்றொரு பகைவன் வெப்பம். பித்தளை வெம்மையால் நீளும். அளவுகோலும் கவராயமும் கால்வட்டமும் ஒரே வெப்பநிலையில் இல்லையாயின் முயற்சி யாவும் வீணாகும். ஆகவே, ஞாயிற்றின் வெம்மை ஏறுமுன் வைகறையிலே பேட் வேலை செய்வார். மனிதரின் உடற்சூடும் உலோகத்தைத் தாக்குமாதலின் அறையிற் பலர் கூடி நிற்பதையும் விலக்கினார். இத்தவத்தின் பயன் சிறிதன்று. 1750ஆம் ஆண்டு முதல் பிறட்லி அக்கருவியால் எடுத்த விண்மீன் அளவுகளை ஆதாரமாகக் கொண்டே, ஜேர்மனியறிஞர் பெசல் 1818ஆம் ஆண்டிலே தமது வானியல் அடிப்படை நூலை வெளியிட்டார். பிறட்லியைப் புகழ்ந்தோர் பலர். அக்கோடுகளைக் கீறிய நெசவாளனை நினைந்தோர் சிலரே.

நெட்டாங்குச் சபை மட்டும் மறக்கவில்லை. 1767ஆம் ஆண்டில் அவருக்கு 500 பவுண் வழங்கியது. ஆயினும் நிபந்தனை உண்டு: தமது முறையை ஒளியாது எழுதி அச்சிடுதல் வேண்டும், பிறருக்குக் கற்பித்தலும் வேண்டும். பரம்பரை இரகசியமாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்று, மகனில்லாதவழி மாண்டுபோகும் தொழில் நுட்பங்கள் எத்தனையோ உள. பேட்டின் கலை அச்சேறியமையால் அவரோடு மாளவில்லை.

4. றாம்ஸ்டனின் பொறி

பேட் ஒரு கருவியை வகுப்பதற்குப் பல நாள் வேண்டும். அவர்போன்ற கையும் வேண்டும். கடலோடும் ஆயிரம் கப்பல்களுக்கு ஆயிரம் பேட்டுகள் எங்ஙனம் கிடைப்பர்? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஜெசி றாம்ஸ்டன் (1735—1800). யோட்சயரில் ஹலிபாக்சு நகரருகே விடுதிக்காரர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, துணித்தொழில் பயின்று, இருபது வயதளவில் இலண்டன் வந்து, பின்னரே கருவித் தொழிலிற் புகுந்தவர். தொலைநோக்கி செய்வதிற் பெயர்பெற்ற யோன் டொலண்டின் மகளை மணந்தவர்.

1775ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அவரது இரண்டாவது பிரிப்புப் பொறி, 45 அங்குல விட்டமுள்ள உலோகச் சக்கரமொன்றை உடையது. அதன் பரிதியில் 2160 பற்கள். அப்பற்களோடு பொருந்திய திருகொன்று ஒரு முறை சுழன்றாற் சக்கரம் ஒரு பல்லளவு, அதாவது பத்துக் கலை, நகரும். திருகின் தலை அறுபதாக வகுக்கப்பட்டமையால் ஒரு பிரிவு பத்து விகலைக்குச் சமம். வகுக்கவேண்டிய கருவியைச் சக்கரத்தின்மேற் பொருத்தி, மிதியை மிதித்துத் திருகைத் திருப்பி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கோடு கீறினால் வேலை முடிந்தது. பல நாள் வேலை அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. பேட் தம் கையில் வைத்திருந்த திறமையை றாம்ஸ்டன் சக்கரத்தின் பற்களில் ஒருமுறை பதித்துவிட்டார். அதன்பின் அத்திறமையைப் பொறியே ஓயாது படியெடுத்துக் கொடுத்தது.

நெட்டாங்குச் சபை அவருக்கு 615 பவுண் அளித்தது. அதில் 300 பவுண் புத்தாக்கத்துக்குப் பரிசு; 315 பவுண் பொறியின் உரிமைக்கு விலை. பொறியின் விளக்கத்தை எழுதி வெளியிடுதல், இரண்டாண்டுக்குள் பத்துப் பேர் வரையில் இவ்வித்தையைக் கற்பித்தல், பிற கருவியாளர் கொணரும் கோணமானிகளை மூன்று சிலிங்கு, ஆறு சிலிங்கு என்னும் குறித்த கூலிக்கு வகுத்துக் கொடுத்தல் என்பன நிபந்தனைகள். 1777ஆம் ஆண்டில் விளக்கநூல் வெளிவந்தது. அப்பொறி இன்று வாசிங்ரன் நகரிலே சிமித்சோனியன் நூதனசாலையிற் பேணப்படுகின்றது.

றாம்ஸ்டனிடம் ஒரு குறை இருந்தது. குறித்த காலத்தில் எதனையும் கொடார். பிரித்தானிய நில அளவைக்கென யெனரல் வில்லியம் றோய் 1784ஆம் ஆண்டிற் கேட்ட மூன்றடி விட்டத் தியோடலைற்று 1787ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. றோய் வெளிப்படையாகவே குறைகூறினார். டப்ளின் அருகேயுள்ள டன்சிங்கு வானநிலையத்துக்கென ஏற்ற பெருவட்டமோ, றாம்ஸ்டன் இறந்து எட்டாண்டு கழிந்து 1808ஆம் ஆண்டிலே போய்ச் சேர்ந்தது. சோம்பல் இதற்குக் காரணமன்று; பாதி முடிந்த வேலையில் மேலும் சிறந்த வழியொன்று தோன்றினாற் பழையதை உடைத்துப் புதிதாகத் தொடங்குவதே அவர் இயல்பு. அவர் தந்த கருவிகளோ காத்திருந்தோரை ஏமாற்றவில்லை. றோயின் தியோடலைற்று இலண்டனையும் பாரிசையும் முக்கோண வலையாற் பிணைத்தது. பலேர்மோ நகரத்துக்கென 1789ஆம் ஆண்டிற் செய்துமுடித்த ஐந்தடி வட்டத்தைக்கொண்டு வானை நோக்கிவந்த பியாற்சி, 1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலே சீரீசு என்னும் சிறுகோளைக் கண்டார். றோயல் சொசையிற்றி றாம்ஸ்டனை 1786ஆம் ஆண்டில் உறுப்பினராக்கி, 1795ஆம் ஆண்டிற் கொப்பிளிப் பதக்கமும் அளித்தது. துணித்தொழிலாளியாய்த் தொடங்கிய ஒருவர் அறிஞர் அவையில் அறிஞராகவே அமர்ந்தார்.

5. தஞ்சையிற் கண்ட தழும்பு

இனி இவ்வரலாறு தமிழ்நாட்டினுட் புகுகின்றது. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திற் சென்னை பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவர் கையிலிருந்த நூறடி உருக்குச் சங்கிலி றாம்ஸ்டனின் ஆக்கம். மக்காட்னிப் பிரபு சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுசென்ற காணிக்கைகளுள் ஒன்றாய் இருந்து, ஏற்கப்படாது இந்தியாவை வந்தடைந்தது. அவரது 36 அங்குலத் தியோடலைற்றைச் செய்தவர் வில்லியம் கேரி. அவரும் றாம்ஸ்டனிடம் தொழில் பயின்றவரே. கடலிற் பிரெஞ்சுக்காரர் கையில் அகப்பட்டு மொறீசியசுக்குச் சென்ற அக்கருவியை, இன்னதென அறிந்த பிரெஞ்சு ஆளுநர் பெருந்தன்மையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். போர் நடந்த காலத்தும் அளவுக் கருவி எல்லார்க்கும் பொதுவென மதிக்கப்பட்டது.

அரைத் தொன்னுக்கு மேற்பட்ட நிறையுள்ள அக்கருவியை உயர்ந்த இடத்தில் ஏற்றினாலன்றித் தூரத்து நிலையங்களை நோக்கவியலாது. சோழவளநாடு சமவெளி, மலையில்லை. ஆகவே கோயிற் கோபுரங்களே லாம்டனுக்கு மலையாயின. 1808ஆம் ஆண்டிலே தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின்மேற் கருவியை வடமிட்டு ஏற்றும்போது வடமொன்று அறுந்தது. கருவி சுவரில் மோதிற்று. பாகை பொறித்த வட்டம் வளைந்து உருக்குலைந்தது. புதிய கருவி இலண்டனிலிருந்து வர ஆண்டுகள் செல்லும். லாம்டன் மனந்தளரவில்லை. திருச்சிராப்பள்ளியில் ஒரு கூடாரத்தினுட் புகுந்து, கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, வட்டத்தின் சரியான அளவை மரப்பலகையிற் கீறி, ஆப்பும் திருகும் கொண்டு நெளிந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து, ஏறத்தாழ ஆறு கிழமையில் முன்னைய வடிவுக்குக் கொணர்ந்தார். கருவியை ஆளத் தெரிந்தவர் அதனைச் செய்யவும் அறிந்திருந்தமையால் நில அளவை தடைப்படாது நடந்தது.

6. ஆர்க்காட்டுக் கருவியாளர்

லாம்டனின் பின் 1823ஆம் ஆண்டிற் பொறுப்பேற்ற யோர்ச் எவரெஸ்டு, 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து மீளும்போது ஹென்றி பரோ என்னும் கருவியாளரை உடனழைத்து வந்தார். பழைய பெருந்தியோடலைற்றைப் புதுக்கும் பணி கல்கத்தாவில் நடந்தது. அத்தொழிற்கூடத்திலே சைத் மீர் மொசின் உசேன் என்னும் இந்தியர் ஒருவர் இருந்தார். ஆர்க்காட்டைச் சேர்ந்த அவர் சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை செய்தவர். அவரது கைத்திறத்தைக் கண்ட அளவைத் தலைவர் பிளாக்கர் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். பரோ பணியை விட்டு நீங்கியபின், நுண்கருவிகளைச் செப்பனிடும் பெரும் பொறுப்பு மொசின் உசேனின் கைக்கு வந்தது. இலண்டனில் ஆக்கப்பட்ட வான்வட்டங்களையும் அவர் திருத்தியமைத்தார். இலண்டனுக்கு அனுப்பி எடுக்கவேண்டும் என்றிருந்த வேலை இந்நாட்டிலேயே முடிந்தது. கடுமையான சொல்லுக்குப் பெயர்போன எவரெஸ்டு, மொசினின் திறமையை மனமாரப் புகழ்ந்து, பரோவின் பதவியை அவருக்கே அளிக்கவேண்டுமென அரசாங்கத்திடம் எடுத்துரைத்தார். 1843ஆம் ஆண்டில் மொசின் உசேன் கணிதக் கருவியாளராக நியமனம் பெற்றார்.

1865ஆம் ஆண்டில் உலகின் மிகவுயர்ந்த சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. கேரிக்கும் மொசினுக்கும் ஒரு குன்றின் பெயர்தானும் கிடைத்திலது. இதனைக் குறையாகக் கூறுகின்றோமல்லோம். அளவை பலரின் உழைப்பால் அமைவது. பெயரோ ஒருவருக்கே கிடைப்பது. ஆயினும் வரலாறு எழுதுவோரும் கற்பிப்போரும் எஞ்சியோரையும் எண்ணுதல் அறமாகும்.

7. முடிவுரை

ஓட்றெட்டும் டிலமெயினும் தொடுத்த வழக்குக்கு இனி வருவோம். காரணமறியாக் கை குருடு என்றார் ஓட்றெட்; அஃது உண்மையே. பேட் நாண்களைக் கணித்திராவிடின் 1024 என்னும் வழி அவருக்குத் திறந்திராது. ஆனால், கையறியாக் கல்வி முடம் என்பதும் அத்துணை உண்மை. லாம்டன் ஆப்பும் திருகும் பிடிக்க அறியாராயின் தஞ்சையிலே அவர் அளவை முடிந்திருக்கும். நூலோனும் வினைஞனும் ஒருவரையொருவர் மதித்த காலத்திலேயே பாகை விகலையாக நுணுகியது.

நம்மிடையே கற்றவன் கை கறைபடலாகாது என்னும் எண்ணம் நெடுங்காலமாக உண்டு. எழுதுகோல் பிடிக்கும் உத்தியோகமே கல்வியின் பயன் எனக் கருதித் தொழிற்கூடத்தை ஒரு படி கீழே வைக்கின்றோம். தட்டானும் கன்னானும் தச்சனும் நாடோறும் காட்டும் நுண்மையைக் கணிதமென நாம் எண்ணுவதில்லை. அவர்தம் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்குங்கால் அவர் வீட்டிலுள்ள கருவிகளைச் சுட்டுவதுமில்லை. இதனால் இரு பக்கத்தாருக்கும் நட்டம். நெசவாளர் ஒருவரும், துணித்தொழிலாளர் ஒருவரும், நகைக்கடையில் வேலை செய்த ஒருவருமே வானையும் கடலையும் நிலத்தையும் அளந்தோருக்கு அளவு தந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இன்று செய்மதிகளின் துணையால் ஒரு நொடியில் நாம் நிற்குமிடத்தை அறிகின்றோம். அந்நொடிக்குப் பின்னே எத்தனையோ வைகறைகள் உள. மாணாக்கர் தம் பெட்டியைத் திறந்து பாகைமானியைக் கையிலெடுக்கும்போது, அதன் விளிம்பிலுள்ள கோடுகள் தாமே தோன்றினவல்ல என்பதை ஒருகணம் நினைப்பாராயின், இக்கட்டுரை எழுதியதன் பயன் எய்தியதாகும்.